ஒயிட்போர்டு அனிமேஷன் வீடியோ: செட்டிநாட்டுப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வெள்ளைப் பலகையில் ஒரு கை விறுவிறுவென்று படம் வரைந்துகொண்டே போகும், பின்னால் ஒரு குரல் விளக்கிச் சொல்லும். அந்த வகை வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் டியூஷன் சென்டர், பலகாரக் கடை, கல் பட்டறை, ஹோம்ஸ்டே என்று பல இடங்களில் இதற்குத் தேவை இருக்கிறது. கற்றுக்கொள்ள உட்கார்ந்தால், நல்ல பாடங்கள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. தமிழ் எழுத்தைப் பலகையில் எழுதவேண்டிய இடம் வந்தவுடன் அந்தப் பாடங்கள் கைவிட்டுவிடுகின்றன. நம் ஊர் வீட்டில் ஏன் குரல் எதிரொலிக்கிறது என்பதையும் அவை சொல்லாது. மாதக்கணக்கில் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்ததை, நீங்கள் மறுபடி தேடவேண்டாம் என்று இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

உதாரணம் எல்லா இடத்திலும் ஒன்றேதான்: தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடி கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டும் 2 நிமிட வீடியோ.

தொடங்குமுன் ஒரு விஷயம். சாஃப்ட்வேரை முதலில் வாங்காதீர்கள். எழுத்து முடியட்டும், குரல் முடியட்டும், அப்புறம் படம். இந்த வரிசையை மாற்றினால் பணமும் நாளும் வீணாகும்.

1. பேசப்போவதை எழுதுங்கள்

தமிழில் விளக்கிப் பேசும்போது நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள் வரும். ஆங்கிலப் பாடங்களில் 150 என்று இருக்கும், அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் சொற்கள் நீளம். 2 நிமிட வீடியோவுக்கு 200 சொற்கள் போதும். அதற்கு மேல் எழுதினால் வேகமாகப் படிக்கவேண்டி வரும், வரையும் கை குரலுக்குப் பின்னால் ஓடும்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் படமாக வரைய முடியுமா என்று பார்த்தபடியே எழுதுங்கள். "தலைமுறை தலைமுறையாகத் தரமான சேவை" என்ற வரிக்கு என்ன வரைவீர்கள்? கை குலுக்கும் படம்தான். அந்த வரியை எடுத்துவிடுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆத்தங்குடி கல்லுக்குச் சூளையே கிடையாது. கண்ணாடி மேல ஊத்துற கலவைதான் அப்படியே கல்லாகுது."

பத்துச் சொற்கள், ஆறு விநாடி. முதல் வரிக்கு ஒரு சூளையை வரைந்து குறுக்கே கோடு போடலாம். இரண்டாவதற்குக் கண்ணாடி, அதன் மேல் சாயும் கரண்டி. எழுதும்போதே படம் வந்துவிட்டது. கேட்பவரிடம் பேசுவதுபோல் எழுதுங்கள், அறிவிப்புத் தமிழ் வேண்டாம். "ஊத்துறாங்க" என்பதை "ஊற்றப்படுகிறது" ஆக்கினால் பட்டறை ஆளே கேட்கமாட்டார்.

எழுதி முடித்ததும் வேலை கொடுத்தவரிடம் காட்டி, "இதுதான் முடிவு" என்று வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. குரல் பதிவான பிறகு ஒரு சொல் மாறினாலும் நான்கு வேலையைத் திரும்பச் செய்யவேண்டும். கடைப் பெயரும் போன் நம்பரும் முதல் ஐந்து விநாடியிலேயே வரவேண்டும் என்று அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். கடைசியில் வந்தால்தான் நிற்கும் என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் இரண்டு இடத்திலும் போட்டுவிடுங்கள். அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

2. குரலைப் பதிவுசெய்யுங்கள்

இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். செட்டிநாட்டு வீடுகளின் பட்டாசாலை என்ற பெரிய கூடமும், உள்முற்றம் சூழ்ந்த வளவும் பார்க்க அழகு, குரல் பதிவுக்கு ஆகாது. உயரமான கூரை, வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், கீழே கல் தரை. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது, மைக்குக்குத் தெரியும். பதிவான எதிரொலியை எந்தச் சாஃப்ட்வேரும் முழுதாக நீக்காது.

வீட்டிலேயே சின்ன அறையைத் தேடுங்கள். மெத்தை, தலையணை, ஜமக்காளம் அடுக்கி வைத்திருக்கும் அறை இருந்தால் அதுதான் உங்கள் ஸ்டுடியோ. இல்லாவிட்டால் துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதைப் பார்த்து உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு கனமான போர்வையைக் கொடியில் தொங்கவிடுங்கள். கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் சட்டென்று செத்துப்போனால் அறை சரி, 'ணங்' என்று இழுத்தால் இன்னொரு போர்வை வேண்டும்.

கம்பிவைத்த காலர் மைக் போதும். வாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜ் சத்தம் வரும் சுவருக்குப் பக்கத்தில் உட்காரவேண்டாம். மார்கழி விடியற்காலையும், ஆடி மாதமும், உங்கள் ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டிய நாட்களும் ஒலிபெருக்கி ஓயாது. காரைக்குடிக்காரர்கள் கொப்புடை அம்மன் செவ்வாய் நாட்களிலும் முத்துமாரியம்மன் மாசி–பங்குனி விழாவிலும் பதிவு வைத்துக்கொள்ளவேண்டாம். முன்கூட்டியே காலண்டரைப் பார்த்து வேறு நாள் குறியுங்கள்.

பதிவுக்கு ஆடாசிட்டி இலவசம். ஆரம்பத்தில் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரியாகக் கொடுத்தால் பின்னணி இரைச்சல் குறையும். தடுமாறினால் நிறுத்தாதீர்கள். ஒரு கைதட்டல் போட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். வெட்டும்போது கைதட்டல் ஒலிக்கோட்டில் ஊசிபோல் நீட்டிக்கொண்டு தெரியும். கோப்பை டபிள்யூஏவி வடிவில் சேமியுங்கள். எம்பி3 வேண்டாம், வெட்டி ஒட்டி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

3. படத்தாள் போடுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி: சொல்லும் வரி, அதற்கான படம், எத்தனை விநாடி. விநாடியைக் குத்துமதிப்பாகப் போடாமல், பதிவான குரலைக் கேட்டு எழுதுங்கள். ஆறு விநாடிக்குள் ஒரு சாதாரணப் படம்தான் அடங்கும். மரத்தூண் வேலைப்பாடெல்லாம் அதில் அடங்காது.

ஆத்தங்குடி கல்லுக்கு வரிசை இது: இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடி, அதன் மேல் பூ அச்சு, அச்சின் அறைகளில் நிறச் சிமெண்டுக் கரைசல், அச்சைத் தூக்குவது, மேலே ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த மணல்–சிமெண்டுத் தூள், அதற்கு மேல் ஈரக் கலவை, தண்ணீர்த் தொட்டியில் சில நாள், பிறகு காயவைப்பது. இதில் பார்ப்பவர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கல்லின் முகம் கீழே, கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. வேலை முழுக்க முதுகுப் பக்கம்தான் நடக்கிறது. அதனால் பக்கவாட்டில் வெட்டிய தோற்றமாக, அடுக்கடுக்காக வரைந்து, அடியில் ஓர் அம்புக்குறி போட்டு 'முகம்' என்று எழுதுங்கள். இதுபோன்ற இடத்தைக் கண்டுபிடிக்கப் பட்டறைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போட்டோவை வைத்து வரைந்தால் இது பிடிபடாது.

4. கையால் வரைவதா, கணினியிலா

கைத்திறன் இருந்தால் நிஜப் பலகையில் வரைந்து கேமராவில் எடுத்து வேகப்படுத்தலாம். செலவு குறைவு, உயிரோட்டம் அதிகம், ஆனால் திருத்தம் சிரமம். கணினியில் செய்தால் திருத்தம் எளிது, ஒரே படத்தை மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் தமிழ் எழுத்து பாடாய்ப் படுத்தும். முதல் வீடியோவைக் கையால் செய்யச் சொல்வேன். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வரையலாம் என்ற அளவு கையில் உட்கார்ந்துவிடும்.

5. நிஜப் பலகையில் எடுப்பது

நான்குக்கு மூன்றடிப் பலகை போதும். டிரை எரேஸ் மார்க்கர்தானா என்று மூடியைப் பார்த்து வாங்குங்கள். தவறுதலாகப் பெர்மனென்ட் மார்க்கர் பட்டுவிட்டால், அதே கோட்டின் மேல் டிரை எரேஸ் மார்க்கரால் எழுதி உடனே துடைத்தால் போய்விடும். மார்க்கர்களைப் படுக்கவைத்து வைத்திருங்கள், நிறுத்தி வைத்தால் மை ஒரு பக்கம் இறங்கிவிடும்.

போனை ஸ்டாண்டில் பொருத்துங்கள். வலக்கைக்காரர் என்றால் கேமரா உங்கள் இடத் தோளுக்குப் பின்னால், சற்று உயரத்தில் இருக்கட்டும், தலை மறைக்காது. திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். வெள்ளைப் பலகையைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) ஒரு புள்ளி ஏற்றிவிட்டால் வெள்ளை வெள்ளையாகும்.

இனி மூன்று பொறிகள்.

முதலாவது, முற்றத்து வெளிச்சம். அழகாக இருக்கிறதே என்று முற்றத்தில் பலகையை வைத்தால், அரைமணி வரைந்ததை ஒரு நிமிடமாகச் சுருக்கும்போது நிழல் பலகையில் நடந்துபோகும். மேகம் வந்துபோவது மின்னல்போலத் தெரியும். அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, பலகையின் இரு பக்கமும் சாய்வாக இரண்டு எல்இடி விளக்கு வையுங்கள். நேர் எதிரே வைத்தால் பலகை பளபளக்கும்.

இரண்டாவது, விளக்குத் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும்படி அமைந்திருக்கும், அதனால் பட்டை பட்டையாக ஓடும். கேமரா ஆப்பில் 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் விநாடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வையுங்கள்.

மூன்றாவது, மின்விசிறி. விளக்குக்குக் கீழே விசிறி சுற்றினால் அதன் இறக்கை நிழல் பலகையில் படபடக்கும். விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அது எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், வேர்த்த கை பட்டால் கோடும் அழியும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே சட்டை, ஒரே மோதிரம், ஒரே வளையல். மறுநாள் தொடர்ந்தாலும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு காட்சியையும் தனிக் கோப்பாக எடுங்கள். ஒரே நீளமாக எடுத்தால் போன் சூடாகி நின்றுவிடும், நினைவகமும் நிமிடத்துக்கு நூறு எம்பிக்கு மேல் தின்னும்.

6. கணினியில் செய்வது: தமிழ் எழுத்தை எழுதவைப்பது

வீடியோஸ்கிரைப், டூட்லி போன்றவை கை வரைவதுபோல் காட்டும் சாஃப்ட்வேர்கள். வீடியோஸ்கிரைபில் படத்தை எஸ்விஜி கோப்பாக (கோடுகளின் பாதையையே சேமிக்கும் வகை) கொடுத்தால் கோட்டைப் பின்தொடர்ந்து கை நகரும். கோடாக இல்லாமல் நிறம் நிரப்பிய வடிவமாக இருந்தால் கை சும்மா கிறுக்குவதுபோல் ஆடும், படம் பின்னால் தோன்றும். அதனால் எதையும் கோடாகவே வரையுங்கள். அதற்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் சாஃப்ட்வேர் போதும், முற்றிலும் இலவசம். போட்டோவை டிரேஸ் பிட்மேப்பில் போட்டு எடுக்கும்போது சென்டர்லைன் வழியைத் தேர்ந்தெடுங்கள். மற்ற வழிகள் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு ஓரத்தைத் தரும்.

இப்போது எழுத்து. இந்தச் சாஃப்ட்வேர்களின் எழுத்துப் பெட்டியில் 'கொட்டான்' என்று ஒட்டிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறலாம், நடுவே புள்ளிவட்டம் முளைக்கலாம். கணினிக்குள் 'க' முதலில், கொம்பும் காலும் சேர்ந்த குறி பிறகு என்றுதான் சேமிப்பு இருக்கிறது. அதைப் பிரித்துக் கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வரையும் பகுதியின் வேலை. எல்லாச் சாஃப்ட்வேரும் அதைச் சரியாகச் செய்வதில்லை.

சரி, இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்தால்? எழுத்து உடையாது. ஆனால் எழுத்தின் வெளிவிளிம்பைச் சுற்றிக் கை ஓடும். 'ட' எழுதுவதற்குப் பெட்டி வரைந்துகொண்டிருக்கும். தமிழ் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

நான் செய்வது இப்படி. இங்க்ஸ்கேப்பில் ஒரு லேயரில் கவிவனர் அல்லது முக்தா மலர் எழுத்துருவில் தட்டச்சு செய்கிறேன். இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். அந்த லேயரை மங்கலாக்கிப் பூட்டிவிடுகிறேன். மேலே புது லேயர், பென் கருவி, நிறம் நிரப்புதல் இல்லை, கோட்டின் முனை உருண்டை. பள்ளிக்கூடத்தில் எழுதிய வரிசையிலேயே எழுத்தின் நடுக்கோட்டை வரைகிறேன். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். 'ட்' என்றால் ட முடிந்த பிறகு புள்ளி. புள்ளியை ஒரு தட்டாக வைக்காமல் குட்டி வட்டமாக வரையுங்கள், நீளமில்லாத கோட்டைச் சில சாஃப்ட்வேர்கள் விட்டுவிடும்.

வரிசை கோப்புக்குள் எப்படி இருக்கிறதோ அப்படியே கை போகும். ஆப்ஜெக்ட்ஸ் பலகத்தில் அடியில் இருப்பதை முதலில் வரையும். கோடு வலமிருந்து இடமாக ஓடினால் பாத் மெனுவில் 'ரிவர்ஸ்' கொடுத்துத் திருப்புங்கள். பின்னணி லேயரை அழித்துவிட்டு எஸ்விஜியாகச் சேமியுங்கள்.

ஒருமுறை வரைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். உயிர் 12, மெய் 18, கால், கொம்பு, இரட்டைக்கொம்பு என்று ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். கு, சு, டு, மூ போன்ற உகர ஊகார எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு வடிவம் என்பதால் அவற்றைத் தனித்தனியாக, தேவைப்படும்போது வரைந்தால் போதும். மூன்று வீடியோவுக்குள் பாதிக்கு மேல் சேர்ந்துவிடும். ஒரு காட்சியில் நான்கு சொல்லுக்கு மேல் எழுதவேண்டாம். மீதியைக் குரல் சொல்லட்டும்.

கடைக்காரர் விவரங்களை டிடிபி சென்டரில் அடித்து அனுப்பியிருந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கக்கூடும். யூனிகோடாக மாற்றி, ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள்.

கல்லின் பூ வேலைக்குச் சின்ன உத்தி: கால்வாசியை மட்டும் வரையுங்கள். கண்ட்ரோல்+டி அழுத்தி நகலெடுத்து, எச் விசையால் இடவலமாகவும் வி விசையால் மேல்கீழாகவும் திருப்பி, பக்கத்தில் நகர்த்தி ஒட்டவைத்தால் முழுப் பூவும் வந்துவிடும். முதல் கால்பங்கை மட்டும் கை மெதுவாக வரையட்டும், மற்ற மூன்றையும் சட்டென்று தோன்றவிடுங்கள்.

கை தெரியவேண்டாம், கோடு வளர்ந்தால் போதும் என்றால் கிரீட்டா என்ற ஓவியச் சாஃப்ட்வேரில் பென் டேப்லெட்டால் வரையலாம். 5.0 பதிப்பு முதல் ரெக்கார்டர் இருக்கிறது, வரைந்ததைத் தானே டைம்லாப்ஸ் ஆக்கித் தரும். இதுவும் இலவசம்.

7. சேர்ப்பது

வீடியோவை வெட்டி ஒட்ட ஷாட்கட் அல்லது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். குரலை முதலில் வைத்துப் பூட்டுங்கள், படத்தை அதற்கு ஏற்றபடி வேகப்படுத்துங்கள். சொல் வருவதற்கு ஒரு கணம் முன்பே கை வரையத் தொடங்கவேண்டும், சொல் முடியும்போது படமும் முடியவேண்டும். காட்சி முடிந்து ஒரு விநாடியாவது அசையாமல் நிற்கட்டும். இசையைக் குரலுக்கு வெகு கீழே வையுங்கள். 25 ஃபிரேம், 1920க்கு 1080, எச்.264 எம்பி4, 8 எம்பிபிஎஸ். 2 நிமிடத்துக்குச் சுமார் 120 எம்பி வரும். ஷார்ட்ஸுக்கும் வேண்டும் என்றால் படத்தாள் போடும்போதே நெட்டுக்குத்தாகத் திட்டமிடுங்கள், பிறகு வெட்டி எடுக்க முடியாது.

8. செலவு

பலகை ₹1,200 முதல் ₹2,000. மார்க்கரும் டஸ்டரும் ₹300. ஸ்டாண்டு ₹1,000 முதல் ₹1,500. காலர் மைக் ₹800 முதல் ₹1,000. எல்இடி விளக்கு இரண்டு ₹600. கையால் வரையும் வழிக்கு ₹5,000 பக்கம் முடிந்துவிடும், போன் இருக்கிறது என்ற கணக்கில். பென் டேப்லெட் வாங்கினால் இன்னும் ₹3,000 முதல் ₹5,000. விலை கடைக்குக் கடை மாறும்.

கட்டணச் சாஃப்ட்வேரில் கவனம். இலவசச் சோதனைக் காலத்தில் எடுத்த வீடியோவில் வாட்டர்மார்க் விழும், அதை வாடிக்கையாளரிடம் கொடுக்க முடியாது. கட்டணம் டாலரில் இருந்தால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும். கார்டைக் கொடுத்த அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவையுங்கள். ஒரு வேலை கையில் வந்த பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குவதே கட்டுப்படி.

9. காகிதங்கள்

உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசுத் தளத்தில் கட்டணம் எதுவும் கிடையாது. ₹1,500, ₹2,000 என்று கேட்கும் தளங்கள் தேடலில் மேலே வரும், அவை இடைத்தரகர்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு ₹20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. நிறுவனங்கள் டிடிஎஸ் (வருமான வரி முன்பிடித்தம்) பிடித்துக்கொண்டு கொடுக்கும். பில்லில் பான் எண் இல்லாவிட்டால் 20 சதவீதம் வரை பிடிக்கலாம், மறக்காமல் போடுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும்: எத்தனை நிமிடம், எத்தனை முறை திருத்தம் (இரண்டு நியாயம்), பாதி முன்பணம், மீதி எப்போது. இன்னொரு வரி மிக முக்கியம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். நீங்கள் உங்கள் மாதிரியாகப் பிறரிடம் காட்டவேண்டும் என்றால், அதற்கு அனுமதி உண்டு என்று எழுதி வாங்குங்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம், பத்து விநாடி என்றாலும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் எடுத்து, பெயர் குறிப்பிடச் சொன்னால் குறிப்பிடுங்கள். விளம்பரத்துக்காக ஒரு பெரிய வீட்டின் முகப்பை வரைகிறீர்கள் என்றால், சாவி வைத்திருப்பவர் சரி என்று சொன்னது போதாது. நம் பக்கத்து வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொது. ஆச்சியோ, வீட்டைப் பொறுப்பாகப் பார்க்கும் பங்காளியோ எல்லோரிடமும் பேசி ஒரு கடிதம் கொடுத்தால் பின்னால் வம்பு இல்லை. இல்லாவிட்டால் எந்த வீட்டையும் குறிக்காத பொதுவான முகப்பாக வரைந்துவிடுங்கள்.

10. நாள் கணக்கும் ஒப்படைப்பும்

புதியவருக்கு 2 நிமிட வீடியோ பத்து நாள் வேலை. எழுத்தும் ஒப்புதலும் மூன்று நாள், குரல் ஒரு நாள், படத்தாள் ஒரு நாள், வரைதல் மூன்று நாள், சேர்ப்பதும் திருத்தமும் இரண்டு நாள். ஒப்புதல்தான் இழுக்கும். கல்யாண சீசனில் கடைக்காரர் போனே எடுக்கமாட்டார். விநாயகர் சதுர்த்திக்கு வேண்டும் என்றால் ஆடி பிறக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

முடிந்ததை வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பவேண்டாம். மெல்லிய கோடுகள் நசுங்கி மங்கலாகும், உங்கள் வேலையே மோசம் என்று நினைப்பார்கள். டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் நேரில் கொடுங்கள். மீதிப் பணம் வந்த பிறகே முழுத்தரக் கோப்பைக் கொடுங்கள், அதுவரை மேலே பெயர் எழுதிய சிறிய கோப்பு போதும். குரல், எஸ்விஜி, எடிட்டிங் கோப்பு எல்லாவற்றையும் கடையின் பெயரில் ஒரு ஃபோல்டராக இரண்டு இடத்தில் வைத்திருங்கள். அடுத்த வருடம் போன் நம்பர் மாறியதென்று கண்டிப்பாக வருவார்கள்.